சின்ன காருக்கு வீட்டில் அடித்த டிரெய்லர் ஹிட்ச்: இரும்பு அசையவில்லை, சத்தம் ஓயவில்லை

சின்ன காரின் பின்னால் டிரெய்லரை மாட்டி இழுக்க வீட்டிலேயே செய்த ஹிட்ச் இது. கழற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, மறுபடி மாட்டியாகிவிட்டது. வெல்டிங்கில் விரிசல் இல்லை, குறுக்கு டியூப் வளையவில்லை, போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து இழுத்த வெள்ளை பெயிண்ட் கோடு இழுத்த இடத்திலேயே இருக்கிறது. இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தும் இதன் மேல் எரிச்சல் தீரவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம் அந்த ‘டொக்’. கிளட்ச் விட்டால் ஒன்று, பிரேக் பிடித்தால் ஒன்று, வேகத்தடையில் இரண்டு. ஹேட்ச்பேக் காரில் காலி டிக்கி அதை இன்னும் பெரிதாக்கி நேராகக் காதுக்கு அனுப்பும்.

அமைப்பு வழக்கமானதுதான். குறுக்கே 60×60×4 மி.மீ. சதுர டியூப், இரண்டு பக்கமும் 8 மி.மீ. பட்டையில் கைகள், பக்கத்துக்கு மூன்று எம்12, அதாவது 12 மி.மீ. போல்ட் (8.8 தரம்), நடுவில் ரிசீவர் குழாய், அதற்குள் போகும் 50 மி.மீ. டியூப்பின் முனையில், டிரெய்லர் வந்து உட்காரும் 50 மி.மீ. இரும்புக் குண்டு. சின்ன கார்களுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. டிக்கித் தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்களைத்தான் நம்ப வேண்டும். ஸ்டெப்னி குழித் தகடு ஒரு மில்லிகூட இருக்காது, அதில் போல்ட் போடுவது வீண். பம்பர் பீம் உட்காரும் பின்முகத்தில் மட்டும் பிடித்தாலும் போதாது. கைகள் சட்டத்தை ஒட்டி முன்னால் போய், முதல் போல்ட்டுக்கும் கடைசி போல்ட்டுக்கும் நடுவே 25 செ.மீ.யாவது இருந்தால்தான் குண்டில் விழும் எடை சட்டத்தை நெம்பாது. கார் பாடியில் வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. உயர்பலத் தகடு சூடு பட்டால் பலம் இழக்கும். உள்ளே அடித்திருக்கும் மெழுகும் எரிந்துபோய், துரு கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்.

இனி சத்தத்துக்கு வருவோம். 60×60×4 டியூப்பின் உள்ளளவு 52 மில்லி. அதற்குள் 50 மில்லி டியூப் போனால் ஆட்டம் 2 மில்லி. சுவரை 5 மில்லியாக எடுத்தால் உள்ளளவும் சரியாக 50தான், ஆனால் உள்ளே ஓடும் தையல் வெல்டிங் தடுக்கும், டியூப் நுழையவே நுழையாது. அதனால்தான் வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் 4 மில்லியில் வந்து நிற்கிறார்கள், சத்தத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே நுழைந்திருக்கும் நீளம் 15 செ.மீ., வெளியே நீண்டிருப்பது 20 செ.மீ. என்றால் குழாய் வாயில் இருக்கும் அந்த 2 மில்லி, குண்டுக்குப் போகும்போது 4 மில்லியைத் தாண்டிவிடும். டிரெய்லர் ஒரு தடவை பின்னால் இழுக்கும், அடுத்த நொடி முன்னால் தள்ளும். ஒவ்வொரு திசை மாற்றத்துக்கும் ஒரு அடி.

கிரீஸ் தடவிப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். மண் சேர்ந்ததும் அது அரைக்கும் பசையாகி இடைவெளியை இன்னும் பெரிதாக்கும். உருப்படியான வழி இதுதான்: ரிசீவரின் கீழ் மூலையில் 45 டிகிரி சாய்வாக ஓட்டை போட்டு, அதன் மேல் எம்12 நட்டு ஒன்றை வெல்டிங் வைத்து, போல்ட்டை உள்ளே முடுக்கி, லாக் நட்டு போட வேண்டும். போல்ட் முனை உள் டியூப்பை எதிர் மூலைக்குத் தள்ளுவதால் மேல்கீழ், பக்கவாட்டு இரண்டு ஆட்டமும் ஒரே முடுக்கில் நிற்கும். சுமையைத் தாங்குவது எப்போதும் ரிசீவரையும் உள் டியூப்பையும் குறுக்கே கோக்கும் 16 மி.மீ. பின்தான், இந்த போல்ட் சத்தத்துக்கு மட்டும். பின்னை எடுத்துவிட்டு இதை நம்பி யாரும் இழுக்க வேண்டாம். குழாயின் அடியில் தண்ணீர் வடிய 8 மில்லி ஓட்டை ஒன்றும் தேவை.

இதையெல்லாம் செய்த பிறகும் சத்தம் வந்தால் அது வேறு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, கப்ளர், அதாவது குண்டின் மேல் கவிழ்ந்து பிடிக்கும் டிரெய்லரின் முன்முனை. 50 மில்லி குண்டும் 2 இஞ்ச் குண்டும் 0.8 மில்லிதான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. 2 இஞ்ச் கப்ளரை 50 குண்டில் மாட்டினால் தளர்வாக உட்காரும், பள்ளத்தில் கழன்றுவிடும் அபாயமும் உண்டு. தேய்ந்து 49 மில்லிக்கு வந்த குண்டை மாற்றிவிட வேண்டும். இன்னொன்று, சட்டத்தில் இருக்கும் போல்ட். பயப்பட வேண்டியது இதற்குத்தான். வாஷரைச் சுற்றி டீத்தூள் நிறத்தில் நைஸாகப் பொடி தெரிந்தால் அந்த இணைப்பு உள்ளே உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

போல்ட் தளர இரண்டு காரணங்கள். எம்12 போல்ட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அது ஏறக்குறைய 3 டன் விசையில் அமுக்கும். இரண்டு மில்லித் தகடில் செய்த வெற்றுப் பெட்டி அதைத் தாங்காது, உள்ளே குழியும், பிடிப்பு போய்விடும். சட்டத்தின் ஒரு பக்கம் 13 மில்லி, மறுபக்கம் 22 மில்லி ஓட்டை போட்டு, கனமான சுவர் உள்ள குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதன் வழியாக போல்ட்டை விட்டு, வெளியே 6 மில்லித் தகடு வைத்து இறுக்க வேண்டும். துண்டின் நீளம் அரை மில்லி குறைந்தாலும் பயனில்லை, அமுக்கம் மறுபடி பெட்டிச் சுவருக்கே போகும். இரண்டாவது காரணம், கம்பெனியே அடியில் அடித்திருக்கும் ரப்பர் போன்ற கருப்புப் பூச்சு. கை உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டாமல் இறுக்கினால் நாளடைவில் பூச்சு நசுங்கிப் பிதுங்கும், போல்ட் தானாகத் தளர்ந்து நிற்கும். சுரண்டிய இடத்துக்கும் ஓட்டை விளிம்புக்கும் ஜிங்க் பிரைமர், உள்ளே மெழுகு. முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து மறுபடி பார்ப்பது கட்டாயம்.

எடை விஷயத்தில் பேரமே இல்லை. கார் கையேட்டில் இழுவை எடை பூஜ்யம் என்றோ இழுக்கக் கூடாது என்றோ இருந்தால் எவ்வளவு தடித்த இரும்பும் அதை மாற்றாது. குண்டில் 50 கிலோ விழுகிறது, பின் அச்சிலிருந்து குண்டு 90 செ.மீ. பின்னால், சக்கர இடைவெளி 2.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முன் சக்கரங்களிலிருந்து கிட்டத்தட்ட 19 கிலோ குறையும், பின் அச்சில் 69 கிலோ கூடும். முன்சக்கர இழுவை காரில் ஈரமான ஏற்றத்தில் இது நன்றாகவே தெரியும். அதற்காகச் சுமையை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளினால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும், அது இதைவிட மோசம். பாதுகாப்புச் சங்கிலியைக் குண்டுத் தகட்டில் மாட்டாமல் குறுக்கு டியூப்பில் மாட்டி, கப்ளருக்கு அடியில் குறுக்காக விட வேண்டும்.

ஒயரிங்கில் சொல்ல அதிகம் இல்லை. டிரெய்லர் பல்புகளை நேராகக் காரின் பின்விளக்கு ஒயரில் ஒட்டுப் போடாமல், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக மின்சாரம் எடுக்கும் ரிலே பெட்டி வைப்பது நல்லது. பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? எர்த் சரியில்லை. குண்டு வழியாக எர்த் கிடைக்கும் என்று விடாமல் தனி ஒயர் இழுக்கவும். ரிவர்ஸ் சென்சார் குண்டைப் பார்த்துக் கத்தும், டியூப்பை உருவி வைத்தால் அடங்கும்.

பல நாடுகளில் முத்திரை பெற்ற ஹிட்ச் மட்டுமே செல்லும், விபத்து நடந்தால் காப்பீட்டிலும் அதே கேள்வி வரும். அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

பலத்துக்குக் குறையே சொல்ல முடியாது, மாட்டுவதும் கழற்றுவதும் ஒரு பின் வேலைதான். இருந்தாலும் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம், அந்தக் காருக்கென்றே வரும் ஹிட்ச் கிடைத்தால் வாங்கிவிடுங்கள் என்றுதான் பதில். இப்படிச் சொல்லிவிட்டு இதை மட்டும் கழற்ற மனசு வராமல் வைத்திருப்பது முரண்தான். இருக்கட்டும்.