டான்சில் ஆபரேஷன் ‘பத்து நிமிஷ வேலை’ன்னு சொன்னா நம்பிடாதீங்க

48,000 ரூபா. பேக்கேஜாம். எங்க ஊர்ல ஒரு தனியார் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி. அக்கா பையன், ஆறு வயசு, 18 கிலோ. "பத்து நிமிஷ வேலைம்மா, ஐஸ்கிரீம் வாங்கி வைங்க"ன்னு டாக்டர் சிரிச்சதும் அக்கா காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டா. அந்தத் தாள்ல ‘ரத்தப்போக்கு ஏற்படலாம்’னு ஒரு வரி இருக்கு. எப்போன்னு இல்ல.

எப்போங்கிறதுதானே விஷயமே! டான்சில் எடுத்த இடம் பெரும்பாலும் தையல் இல்லாத திறந்த புண். அது மேல வெள்ளையா ஒரு படலம் கட்டும் (சீழ் இல்ல, சுரண்டாதீங்க). அஞ்சாம் நாள்ல இருந்து பத்தாம் நாளுக்குள்ள அது உரியும்போது அடியில இருக்கிற ரத்தக்குழாய் திறந்துக்கலாம். பிள்ளை தேறிட்டான்னு நாம முறுக்கு கொடுக்கிற நேரம் அது.

இவனுக்கு ஏழாம் நாள் ராத்திரி. தூக்கத்துல எதையோ விழுங்கிட்டே இருந்தான். எச்சில்னு நினைச்சா அக்கா. அப்புறம் கருஞ்சிவப்பா வாந்தி. 18 கிலோ உடம்புல மொத்த ரத்தமே சுமார் 1,300 மில்லிதான், ஒரு டம்ளர் போனாலே ஆபத்து. ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணா, "சளியில கலந்து வரும், ஐஸ் தண்ணி கொடுங்க." திரும்பப் பண்ணா, "காலைல ஓ.பி.க்கு வாங்க." வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, வயிறு நிறைய ரத்தத்தோட மறுபடி மயக்க மருந்து கொடுத்து (அதுவே ஒரு கண்டம்), ரத்தக்குழாயைச் சுட்டு அடைச்சாங்க. அதுக்கு 65,000. அந்த 48,000 வாங்கினவங்க சொல்றது: "காம்ப்ளிகேஷன் பேக்கேஜ்ல வராது." ரிசப்ஷன் மேனேஜரைக் காட்டுது, மேனேஜர் ரிசப்ஷனைக் காட்டுறார்.

முதல் ஆஸ்பத்திரி கொடுத்த மருந்துச் சீட்டுல கோடீன் (அபின் வகை மருந்து) கலந்த இருமல் சிரப் வேற! டான்சில் எடுத்த குழந்தைக்குக் கோடீன் கூடாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 2013லயே கட்டம் கட்டி எச்சரிச்சாச்சு. சில பிள்ளைகளோட கல்லீரல் அதை வேகமா மார்ஃபினா மாத்திடும், மூச்சு நின்னுடும். நல்லவேளை, கடையில ஸ்டாக் இல்ல.

விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல முடியல. ராத்திரி ரத்தம் வந்தா ஆபரேஷன் தியேட்டர் திறப்பாங்களான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க. அடிக்கடி மூக்குல ரத்தம் வர்ற பிள்ளைன்னா முதல்லயே சொல்லுங்க. ஆஸ்பிரின் வேண்டாம். வலிக்குதுன்னு தண்ணி குடிக்காம விடாதீங்க. பத்து நாள் வெளியூர் போகாதீங்க. சிவப்பா துப்பினாலோ, தூக்கத்துல விழுங்கிட்டே இருந்தாலோ போன் போட்டுக் காத்திருக்காம கிளம்புங்க.

48,000 பேக்கேஜ்!