குடியிருப்புக்குப் பெயர்: ஆளா, மரமா, இடமா?

புதுக் குடியிருப்புக்குப் பெயர் தேடுபவர்கள் பெரும்பாலும் நான்கு பக்கம்தான் பார்க்கிறார்கள்: ஒரு மனிதரின் பெயர், இயற்கைப் பெயர், அந்த இடத்தின் பழைய பெயர், கம்பீரமாக ஒலிக்கும் புனைபெயர். விளம்பரத் தாளில் நான்குமே அழகாகத்தான் இருக்கும். வீடு விற்று முடிந்து, குடிவந்தவர் தினமும் முகவரி சொல்லத் தொடங்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

மனிதர் பெயரில் கௌரவமும் உண்டு, ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் எழுந்த ப்ரூயிட்-ஐகோ குடியிருப்புக்கு, இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின விமானி ஒருவரின் பெயரையும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயரையும் இணைத்து வைத்தார்கள். 33 கட்டடங்கள். சீரழிந்துபோய், 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் விமானி நினைவுக்கு வருவதில்லை, வெடிவைத்துத் தகர்த்த படம்தான் வருகிறது. இது தலைகீழாகவும் நடக்கும். நியூயார்க்கில் 'டிரம்ப் பிளேஸ்' என்றிருந்த மூன்று கட்டடங்களில், வாடகைதாரர்கள் மனுப் போட்ட பிறகு, 2016இல் அந்த எழுத்துகளைக் கழற்றினார்கள். உயிரோடு இருப்பவர் பெயரை வைப்பது அவர் நாளை என்ன செய்வார் என்பதற்கும் சேர்த்துப் பொறுப்பேற்பது. கட்டுநரின் பெயர் நிலைத்த இடமும் இல்லாமலில்லை. நியூயார்க் அருகே லெவிட் நிறுவனம் 1947இல் தொடங்கிய லெவிட்டவுனுக்கு முதலில் 'ஐலண்ட் ட்ரீஸ்' என்றுதான் பெயர். ஆனால் அங்கே எழுந்தவை 17,000க்கும் மேற்பட்ட வீடுகள், அது ஒரு ஊர். நாற்பது வீட்டு வளாகத்துக்கு அந்தத் துணிச்சல் பொருந்தாது.

இயற்கைப் பெயர் யார் மனதையும் புண்படுத்தாது. அதனால்தான் எல்லாரும் அதையே வைக்கிறார்கள். ஒரே நகரில் மூன்று 'பசுஞ்சோலை' இருந்தால் ஆம்புலன்ஸ் எந்தச் சோலைக்குப் போகும்? சிங்கப்பூரில் கட்டடப் பெயருக்கு அரசு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், ஏற்கெனவே உள்ள பெயரோடு குழம்புகிறதா என்றும் பார்க்கிறார்கள். அப்படி யாரும் பார்க்காத ஊரில் கட்டுநர்தான் தேடிப் பார்க்க வேண்டும். வெட்டிய மரத்தின் பெயரை வாசலில் மாட்டுவது இன்னும் மோசம், குடிவந்தவர்களே கிண்டலடிப்பார்கள்.

புனைபெயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொலைபேசியில் இரண்டு முறை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தால் அது தோற்ற பெயர்.

என் ஓட்டு இடத்தின் பழைய பெயருக்கே. லண்டனில் போர்க்காலக் குண்டுவீச்சில் தரைமட்டமான பகுதியில், 1960களிலும் 70களிலும் கான்கிரீட்டில் கட்டிய குடியிருப்புக்கு 'பார்பிகன்' என்றே பெயர். கட்டடங்களைவிடப் பல நூற்றாண்டு மூத்த பெயர் அது. அந்தக் கான்கிரீட்டை வெறுப்பவர்கள் இன்றும் உண்டு. பெயரைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு: பக்கத்து மனைக்காரரும் அதே பெயரைக் கேட்பார். அப்போது இடப்பெயரோடு சின்னதாக ஓர் ஒட்டுச்சொல் சேர்க்கலாம். சிங்கப்பூரின் 50 மாடி 'பினக்கிள் அட் டக்ஸ்டன்' அப்படி வந்ததுதான், டக்ஸ்டன் என்பது இடத்தின் பெயர். ஆனால் நடுவில் இருக்கும் 'அட்' என்பதை மின்னஞ்சல் குறியாகவே (@) எழுதுகிறார்கள். அந்த அலங்காரத்தை நான் தவிர்ப்பேன். பதிவு ஆவணம், தண்ணீர் ரசீது, தபால் உறை எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் வர வேண்டிய பெயர் அது.