கை பம்ப் வச்சு பிரேக் ஏர் எடுக்குற கிட்: காலிபர் மாத்துன கையோட எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடறேன். பழைய பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுக்க இந்த கிட் நல்ல சாமான், ஆனா கடைசியா ஏர் எடுத்து, அதாவது பிரேக் லைன்ல மாட்டுன காத்தை வெளியேத்தி, முடிக்க இதை மட்டும் நம்பி வாங்காதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி நான் படிச்ச ரிவியூ எதுலயும் இந்த விஷயத்தை ஒருத்தரும் சொல்லல, அதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

நம்ம வீடு கடலூர் தேவனாம்பட்டினம், சில்வர் பீச்சுக்கு நடந்தே போயிடலாம். வண்டி 2012 ஸ்விஃப்ட், முன்னாடி டிஸ்க் பின்னாடி டிரம், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கறப்ப சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டம்) இல்லாதது, வருஷம் பூரா தெருவுலதான் நிக்குது, உப்புக்காத்து அது பாட்டுக்கு வேலையைக் காட்டிடுச்சு. போன மாசம் பாண்டிக்கு போறப்ப கன்னியக்கோயில் தாண்டுனதுமே ஸ்டீயரிங் லேசா எடது பக்கம் இழுக்குது, தவளக்குப்பம் கிட்ட ஒரு தீஞ்ச வாடை, ஓரமா நிறுத்தி எறங்கி முன் எடது சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டு போனா அடுப்புக்கிட்ட போற மாதிரி அனல் அடிக்குது, வலது பக்கம் சாதாரணமா இருக்கு. பிரேக்ல இருந்து காலை எடுத்தப்புறமும் பேட் டிஸ்கை விடாம புடிச்சிட்டு இருக்குன்னு அர்த்தம். மெதுவா, முடிஞ்சவரைக்கும் பிரேக் அடிக்காம வீடு வந்து சேர்ந்தேன்.

கழட்டிப் பாத்தா காலிபர் (பேட்டை டிஸ்க் மேல அமுக்கற பாகம்) நகர்ற ரெண்டு ஸ்லைடு பின்ல ஒண்ணு துரு ஏறி இறுகிப் போச்சு. பேட்டைத் தள்ளற பிஸ்டனுக்கு மேல இருக்கற ரப்பர் கிழிஞ்சு உள்ள தண்ணி போயிருக்கு. பின் மட்டும்னா சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சு ஓட்டிடலாம், ரப்பர் மட்டும்னா சீல் கிட் போட்டுடலாம், ஆனா பிஸ்டன் மேல நகத்தை வச்சு இழுத்தா தட்டுற அளவுக்கு குழி விழுந்திருந்துச்சு. அதுக்கு மேல புது சீல் போட்டாலும் நிக்காது. அதனாலதான் காலிபரையே மாத்தலாம்னு முடிவு பண்ணேன்.

காலிபர் வாங்குனது பாண்டில ஒரு ஸ்பேர்ஸ் கடைல. அந்தக் கடைக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், பழசை கையில கொண்டாந்து காட்டுனாதான் தருவேன்னுட்டார், பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்து "சார், நிப்பிள் மேல் பக்கம் வர்றதுதான் உங்களுக்கு, கீழ வந்தா அது அடுத்த பக்கத்துது"ன்னு எடுத்துக் குடுத்தார். நிப்பிள்ங்கறது காத்தையும் ஆயிலையும் வெளிய விட காலிபர்ல இருக்கற திருகு, அது எந்தப் பக்கம் வருதுங்கறது சின்ன விஷயம் இல்ல. எடது வலது மாறிப் போச்சுன்னா நிப்பிள் அடியில வந்துடும், காத்து மேல தங்கிடும், எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் ஏர் வெளிய வராது. காலிபருக்கு ஆயில் கொண்டு வர்ற ஹோஸோட போல்ட்டுக்கு ரெண்டு புது செம்பு வாஷரும் கேக்காமலே போட்டுக் குடுத்தார், பழைய வாஷர் ஏற்கனவே நசுங்குனது, திரும்பப் போட்டா கசியும். பேட் மட்டும் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து புதுசா வாங்கிட்டேன், ஒரு பக்கம் மட்டும் புதுசா இருந்தா பிரேக் சமமா பிடிக்காது.

காலிபர் மாத்தறது உண்மைலயே கஷ்டம் இல்ல. ஜாக்கி ஏத்தறதுக்கு முன்னாடியே நட்டை லூஸ் பண்ணிடுங்க, பின் சக்கரத்துக்கு கல்லு வைங்க, ஸ்டேண்ட் இல்லாம வெறும் ஜாக்கியை நம்பி கையை உள்ள விடாதீங்க. காலிபரை ஹோஸ்ல தொங்க விடக்கூடாது, ஒரு கம்பி போட்டு கட்டி வைக்கணும். அவ்ளோதான்.

இப்ப கிட்டுக்கு வரேன். ஆன்லைன்ல 1,400 ரூபாய்க்கு வாங்கினது. மீட்டர் வச்ச கை பம்ப், மூடி போட்ட சின்ன டப்பா, ரெண்டு மூணு டியூப், நாலஞ்சு ரப்பர் மூக்கு. பம்ப் நல்லாவே இருக்கு, முள் ஏறி நின்னா எறங்காம நிக்குது. மொதல் வேலையா ரிசர்வாயர்ல (பிரேக் ஆயில் ஊத்தற டப்பா) இருந்த பழைய ஆயிலை உறிஞ்சினேன், ரெண்டு நிமிஷம்கூட ஆகல. வந்த ஆயில் வரக்காப்பி நிறம், புதுசு லேசான மஞ்சள்ல இருக்கும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது கணக்கு, ஈரம் இழுத்துட்டா அதுவே 155 வரைக்கும் எறங்கிடலாம். அதனாலதான் 2 வருஷத்துக்கு ஒருதடவை மாத்தச் சொல்றாங்க, கடலோரத்துல இருக்கறவங்க தள்ளிப் போடாதீங்க. எந்த ஆயில்னு ரிசர்வாயர் மூடிலயே போட்டிருக்கும், அதைப் பாத்து வாங்குங்க. உறிஞ்சறப்ப ரிசர்வாயரை முழுசா வத்த விட்டுடாதீங்க, பெடலை அமுக்கறப்ப ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள காத்து போனா வேலை ரெட்டிப்பாயிடும்.

அடுத்து காலிபர் நிப்பிள்ல டியூபை மாட்டி, பம்ப் அடிச்சு, கால் சுத்து திறந்தேன். ஆயில் வருது, கூடவே குமிழ். சரி புது காலிபர், உள்ள காத்துதான் இருக்கும்னு அடிச்சுட்டே இருக்கேன், ரிசர்வாயர்ல ஊத்திட்டே இருக்கேன், அரை பாட்டிலுக்கு மேல போயிடுச்சு, டியூபுக்குள்ள பொடிப்பொடியா குமிழ் மட்டும் நிக்கவே இல்ல. செம்பு வாஷர் சரியா உக்காரலையோன்னு பயந்து போல்ட்டை மறுபடி பாத்தேன், ஒரு சொட்டு கசிவு இல்ல. அப்புறம் குனிஞ்சு டியூபை உத்துப் பாத்தப்பதான் புரிஞ்சுது, குமிழ் நிப்பிளோட ஓட்டைல இருந்து வரல, நிப்பிளை லூஸ் பண்ணுனதும் அதோட மறை வழியா வெளிக்காத்தை பம்ப் உள்ள இழுக்குது. அதாவது பிரேக்குக்குள்ள ஏர் இல்லன்னாலும் இந்த பம்ப் குமிழ் காட்டிட்டேதான் இருக்கும், எப்ப முடிஞ்சதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. நிப்பிள் அடியில சுத்தி கிரீஸ் அப்பிப் பாத்தேன், குறைஞ்சுது, முழுசா நிக்கல.

அப்புறம் வீட்டம்மாவைக் கூப்பிட்டு சீட்ல உக்கார வச்சேன். பெடலுக்கு அடியில ஒரு கட்டை வச்சுட்டேன், பழைய வண்டில பெடலை தரை வரைக்கும் அமுக்குனா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள சீல் இதுவரைக்கும் போகாத இடத்துக்குப் போய் துருவுல உரசி கிழிய வாய்ப்பிருக்கு. மூணு தடவை அமுக்கி புடி, நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதன்னு சொல்லிட்டு நிப்பிளைத் திறந்தேன். "ஏங்க, கால் கீழ போகுதுங்க"ன்னா. "போகட்டும், புடிச்சுக்கோ, எடுத்துடாத"ன்னு சொல்லி நிப்பிளை மூடினேன், "இப்ப விடு". மூடறதுக்கு முன்னாடி காலை எடுத்தா வந்த காத்து அப்படியே திரும்ப உள்ள போயிடும், அதனால இந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் பேச்சு தெளிவா இருக்கணும். நாலாவது தடவை மொச்சைக்கொட்டை சைஸ்ல ஒரே ஒரு குமிழ் வந்து டியூப் வளைவுல ஒரு நொடி நின்னு மேல ஏறிப் போச்சு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் சுத்தமான மஞ்சள் ஆயில்தான். பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு. காலால அமுக்கறப்ப ஆயில் உள்ள இருந்து வெளிய தள்ளுது, மறை வழியா காத்து உள்ள வர வழியே இல்ல, அதனால குமிழ் தெரிஞ்சா அது நெசமான குமிழ். மத்த மூணு சக்கரத்துக்கும் இதே மாதிரி எடுத்தாச்சு.

கிட்ல இன்னொரு குறை, ரப்பர் மூக்கு நிப்பிள்ல இறுக்கமா உக்காரல, ஒரு தடவை கழண்டு ஆயில் பெண்டர் மேல தெறிச்சுது. பிரேக் ஆயில் பெயிண்டை அரிச்சிடும், தொடைச்சா மட்டும் போதாது, உடனே நெறைய தண்ணி ஊத்தணும். நான் பக்கத்துல பக்கெட் வச்சிருந்ததால தப்பிச்சுது.

5க்கு 3 குடுக்கறேன். அந்த 3ம் ரிசர்வாயர் உறிஞ்சுனதுக்கும், பம்போட தரத்துக்கும். ஏர் மட்டும்தான் எடுக்கணும்னா நிப்பிள்ல இறுக்கமா உக்கார்ற ஒரு மீட்டர் டியூபும், ஒரு பழைய தண்ணி பாட்டிலும், பெடல் அமுக்க ஒரு ஆளும் போதும். ஏபிஎஸ் இருக்கற வண்டிக்காரங்க ரிசர்வாயர் வத்தி யூனிட்டுக்குள்ள காத்து போயிடுச்சுன்னா வீட்ல முயற்சி பண்ணாதீங்க, நெறைய வண்டிக்கு ஸ்கேனர் போட்டுதான் எடுக்க முடியும்.

மறுநாள் காலைல அஞ்சு மணிக்கு காலியா இருக்கற பீச் ரோட்டுல மொதல் கியர்லயே பத்து தடவை பிரேக் அடிச்சுப் பாத்துட்டுதான் வெளிய எடுத்தேன். போன ஞாயித்துக்கிழமை மறுபடி பாண்டி. தவளக்குப்பத்துல அதே எடத்துல நிறுத்தி ரெண்டு பக்கமும் கை வச்சுப் பாத்தேன், ரெண்டு சக்கரமும் ஒரே சூடுதான்.