மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிய புல்லி: நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

நேற்று மாலை என் காரின் இன்ஜினைப் பிரித்துவிட்டார்கள். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில், புல்லி நழுவாமல் பூட்டும் சாவித் துண்டு உட்காரும் காடி, நாய் கடித்துத் துப்பிய எலும்பு மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நுனியில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்தான் புல்லி. புதிதாக வாங்கிய புல்லிக்கும் மாட்டிய கூலிக்கும் அரை மாதச் சம்பளம். அது கெடுத்துவைத்ததைச் சரிசெய்ய இரண்டரை மாதச் சம்பளம். ஆக மூன்று மாதச் சம்பளம், ஒரு வட்டத் தகட்டுக்கு.

விற்றவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரின் வேகத்தைக் கூட்டும் உதிரிபாகங்களை மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடை. மாட்டியது அந்தக் கடையே கைகாட்டிய பட்டறை. பொருளும் நேராக அங்கேதான் போய் இறங்கியது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என்னை ஏமாற்றியது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. கிராங்க் புல்லியின் விட்டத்தைக் குறைத்தால் பெல்ட் மெதுவாக ஓடும். அந்த பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர் எல்லாம் மெதுவாகச் சுழலும். அவை இன்ஜினிடமிருந்து பிடுங்கும் சக்தி கொஞ்சம் குறையும். இதுவரை சரி. ஆனால் கடைக்காரர்கள் போட்டிருந்தது "15 குதிரைத்திறன் கூடுதல்" என்று. இன்ஜின் புதிதாக எதையும் ஈட்டுவதில்லை, செலவில் சிறிது மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான். இது அன்றைக்கே எனக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்தது.

நான் முழுதாகக் கவிழ்ந்த இடம் பட்டறையில். மெக்கானிக் பழைய புல்லியைக் கழற்றி என் இடக்கையில் வைத்தார். கை சட்டென்று கீழே இறங்கியது. புதியதை வலக்கையில் வைத்தார். நீல நிற அலுமினியம், சாப்பாட்டுத் தட்டு கனம்கூட இல்லை. "இவ்வளவு பாரத்தைத்தான் சார் உங்கள் இன்ஜின் இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்தது" என்றார். இரண்டு கையிலும் எடை தெரியும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? பழைய புல்லியின் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் ஓடியது. கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டேன். "சத்தம் வராமல் இருக்கத்தான் சார். வேறொன்றுமில்லை."

வேறொன்றுமில்லையாம். அந்த ரப்பர்தான் எல்லாமே. சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்ட் மயிரிழை அளவு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சில குறிப்பிட்ட வேகங்களில் அந்த முறுக்கல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வளரும், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் உயரம் ஏறுவதுபோல. ரப்பரில் ஒட்டிய கனமான வெளிவளையம் எதிர்த்து நின்று அதை அடக்குகிறது. டேம்ப்பர் என்று பெயர். நான் பாரம் என்று நினைத்துக் கழற்றச் சொன்னது அதைத்தான். எல்லா இன்ஜினிலும் இது இருக்காது. சிலவற்றில் வெறும் புல்லிதான், அங்கே மாற்றினால் இந்த ஆபத்து இல்லை. என் இன்ஜினில் இருந்தது. ரப்பரைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே சொல்லவில்லையோ என்னவோ.

மாட்டிய விதம் அதற்கு மேல். நடுப் போல்ட்டை இம்பாக்ட் கன்னால் தடதடவென்று முடுக்கினார், அதுவும் பழைய போல்ட்டையே. சுவரில், அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று எண்ணெய்க் கறைகூட இல்லாமல் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "20 வருட அனுபவம் சார், கைக்கே அளவு தெரியும்." நானும் தலையாட்டினேன்.

முதல் நாள் வண்டி பறந்தது. பறந்ததாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில், இரவில் சிக்னலில் நின்றால் முகப்பு விளக்கு மங்கியது. பழைய புல்லி 150 மி.மீ., புதியது 120. ஆல்டர்னேட்டர் புல்லி 55. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா ஓடும்போது ஆல்டர்னேட்டர் முன்பு ஏறக்குறைய 2,045 சுற்று சுற்றியது, இப்போது 1,636. ஏ.சி.யும் விளக்கும் போட்டுவிட்டு மீட்டர் வைத்தால் பேட்டரியில் 12.3 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் இருக்க வேண்டியது. அதாவது சார்ஜ் ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருக்கிறது. பெல்ட்டும் காலையில் கிறீச்சிட்டது. பட்டறைக்குப் போன் செய்தேன். "புதுசு சார், பழகிவிடும்."

மூன்றாவது வாரம், ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் டக்டக்கென்று ஒரு சத்தம், பிறகு படாரென்று ஓர் அடி, வண்டி நின்றுவிட்டது. போல்ட் தளர்ந்து, புல்லி ஆடி ஆடிச் சாவித் துண்டை மென்றிருக்கிறது. என் இன்ஜினில் டைமிங் செயின் ஓடும் பல்சக்கரத்தையும் அதே போல்ட்தான் இறுக்கிப் பிடிக்கிறது. அது நழுவி, வால்வுகள் திறந்து மூடும் நேரம் தவறி, பிஸ்டனில் இடித்து வளைந்துவிட்டன. இப்போது பிரித்த மெக்கானிக் வேறொருவர், நிதானமான மனிதர். புல்லியின் நடுத்துளையே ஷாஃப்ட்டில் கச்சிதமாக உட்காரவில்லை, லொடலொட என்று ஆடுகிறது என்று காட்டினார். போல்ட் முதலில் தளர்ந்ததா, துளை ஆடியதால் தளர்ந்ததா, டேம்ப்பர் இல்லாத அதிர்வில் தளர்ந்ததா என்று அவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அந்த ஒரு சந்தேகம் போதாதா அவர்களுக்கு! இணையக் கடை சொல்கிறது: மாட்டியதில் தவறு, பட்டறையைக் கேளுங்கள். பட்டறை சொல்கிறது: பொருளில் தவறு, கடையைக் கேளுங்கள். கடையின் உரையாடல் பெட்டியில் நான்கு நாளில் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் "உங்கள் மனவருத்தம் புரிகிறது" என்று தொடங்கி, நான்கு பேரும் அதே படங்களைக் கேட்டார்கள். ஐந்தாம் நாள் புகார் "தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. யாருக்குத் தீர்ந்தது? திருப்பித் தரும் கெடு 10 நாளாம், அதுவும் "மாட்டப்படாத நிலையில்". மாட்டாமல் ஒரு புல்லியின் யோக்கியதையை எப்படி அறிவது? பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் "பந்தயக் களத்தில் மட்டும் பயன்படுத்துவதற்கு" என்று ஒரு வரி. மேலே விளம்பரப் படத்தில் பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது!

பட்டறைக்காரர் என் எண்ணைக் கண்டால் எடுப்பதில்லை. மனைவியின் போனிலிருந்து அழைத்தேன், உடனே எடுத்தார். "நீங்கள் கொண்டுவந்த சாமானைத்தானே சார் நான் மாட்டினேன்?" நான் கொண்டுவந்ததாம்! பெட்டியை நான் கையால்கூடத் தொடவில்லை.

மூன்று மாதச் சம்பளம்.

எப்படித் தப்பிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிராங்க் புல்லியில் ரப்பர் வளையம் இருந்தால் அதை வெறும் அலுமினியத்துக்கு மாற்றாதீர்கள். மாற்றியே தீருவேன் என்றால் டேம்ப்பர் உள்ளதாக வாங்குங்கள், பந்தயக் கார் டேம்ப்பர்களுக்கான எஸ்.எஃப்.ஐ. 18.1 தரச்சான்று இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் புதிதாக இருக்கட்டும், உங்கள் கண்முன் டார்க் ரெஞ்ச்சால் முடுக்கச் சொல்லுங்கள். பெல்ட் நீளத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், கேளுங்கள். ரசீதில் பொருளை யார் கொடுத்தது, யார் மாட்டியது என்று எழுதி வாங்குங்கள். அவ்வளவுதான் இப்போது நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று. கழற்றிய பழைய புல்லியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். என்னுடையது எங்கே என்று நேற்றுக் கேட்டேன். அன்றைக்கே எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.