சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வரலாற்று வகுப்பு: காசுக்குத் தகுமா?

இடைக்கால ஐரோப்பாவில் பொருளாதாரமும் சமூகமும் எப்படி மாறின என்று தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வகுப்பு நடக்கிறதே, சேரலாமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். சேரலாம், ஆனால் இரண்டாம் பாதிக்காக. நடத்துபவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, எல்லாரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில்தான், தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும்.

முதல் பாதி எனக்கு இழுவை. கனத்த கலப்பை, மூன்று வயல் சுழற்சி, காட்டைத் திருத்தி விளைநிலமாக்கியது, மக்கள்தொகை பெருகியது, எல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரியே போனது. வணிகத்துக்கு வந்தபோது நேர்மாறாக ஓட்டம். பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் கூடிய வணிகச் சந்தைகள், 1252-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகர அரசு வெளியிட்ட ஃபுளோரின் என்ற தங்க நாணயம், 1340-களில் பார்தி, பெருட்சி என்ற இரண்டு பெரிய வட்டிக்கடைக் குடும்பங்கள் திவாலானது என்று மூச்சுவிடாமல் ஓடி முடித்துவிட்டார். இங்கிலாந்து அரசருக்குக் கொடுத்த கடன் திரும்பி வராததும் அந்தத் திவாலுக்கு ஒரு காரணம் என்கிறார்கள், அதை மட்டுமே ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கலாம்.

பண்ணையடிமை முறை பற்றிய பகுதியில்தான் அவர் குரலே மாறுகிறது. நிலக்கிழாரின் வயலில் வாரத்தில் சில நாள் சம்பளமில்லாத வேலை, மகளைக் கட்டிக்கொடுக்க அவருக்குப் பணம், வீட்டுத் தலைவர் செத்தால் தொழுவத்திலிருக்கும் நல்ல மாடு அவருக்கு, மாவு அரைக்கக்கூட அவருடைய ஆலைக்குத்தான் போக வேண்டும். இந்த மனிதர்கள் 1315-இல் தொடங்கிய மழையிலும் பஞ்சத்திலும் ஏற்கெனவே அடிபட்டிருந்தார்கள். 1347-இல் சிசிலியின் மெசினாவில் இறங்கிய பிளேக் அடுத்த ஆண்டே இங்கிலாந்தை எட்டியது. ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ செத்துப்போனார்கள் என்று கணக்கு.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். வேலைக்கு ஆள் இல்லை, இருக்கிற ஆள் கூலி கூட்டிக் கேட்கிறான், தராவிட்டால் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடுகிறான். உடனே இங்கிலாந்தில் 1349-இல் அரசாணை, 1351-இல் நாடாளுமன்றச் சட்டம்: பிளேக்குக்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்கக் கூடாது, பேசிய காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போனால் சிறை. இதைக் கேட்டதும் கூடத்தில் ஒரு சலசலப்பு. ஒப்பந்த வேலையை விட்டுப் போனால் ஜெயில் என்பது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துக் கரும்புத் தோட்டச் சங்கதி அல்லவா, 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்து டர்பனில் இறக்கிவிட்டதிலிருந்து இங்கே நிறைய வீடுகளில் இந்தக் கதை இருக்கிறது.

அடுத்தது தலைவரி. இங்கிலாந்தில் 1377-இல் தலைக்கு 4 பென்ஸ், 1381-இல் வசூலானது 12 பென்ஸ், அதுதான் வாட் டைலர் என்பவர் தலைமையில் குடியானவர்கள் செய்த கிளர்ச்சியைக் கிளப்பிவிட்டது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அண்ணன் எழுந்து, "இது நம்ம மூணு பவுண்டு வரியேதான் டீச்சரம்மா" என்றார். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் போடாமல் இங்கே தங்கிய இந்தியர்மேல் நேட்டால் அரசு போட்ட வரி அது. டீச்சரம்மா சும்மா தலையாட்டியிருந்தால் எனக்குச் சப்பென்று போயிருக்கும். பலகையில் கணக்குப் போட்டார். 12 பென்ஸ் என்பது அந்தக் காலத்துக் கூலிக்காரருக்கு மூன்று நான்கு நாள் சம்பளம். டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், அப்படியானால் 1895 சட்டத்தின் மூன்று பவுண்டு அதில் ஆறு மாதச் சம்பளம், அதுவும் வருடாவருடம். இரண்டும் ஒன்றா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அங்கே 1381 ஜூனில் டைலரை வெட்டிக் கொன்று அரசர் கொடுத்த வாக்குறுதிகளை ரத்து செய்தார்கள், இங்கே இந்தியத் தொழிலாளர்களின் 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914-இல் வரியையே எடுத்தார்கள் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

கிளர்ச்சி தோற்றாலும் கூலி ஏறத்தான் செய்தது, பண்ணையடிமை முறையும் அடுத்த நூறு ஆண்டுகளில் இங்கிலாந்தில் தேய்ந்து மறைந்தது. ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று அவர் முடித்தபோதுதான் எனக்கு உறுத்தியது. ஆள் பற்றாக்குறை நேட்டால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கும் இருந்ததே. சுற்றுவட்டாரத்து ஜூலு மக்கள் அவர்கள் கொடுத்த கூலிக்கு வர மறுத்தார்கள், முதலாளிகள் கூலியை ஏற்றவில்லை, கடல்தாண்டி நம்மை வரவழைத்தார்கள். இங்கிலாந்து நிலக்கிழாருக்கு அந்த வழி இருந்திருந்தால் அங்கேயும் கூலி ஏறியிருக்குமா? கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜெர்மனியில் ஓடும் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பின்னால் குடியானவர்களை இன்னும் இறுக்கிக் கட்டிப்போட்டார்கள், ஆகவே ஆள் குறைந்தால் கூலி தானாக ஏறிவிடும் என்று சொல்ல முடியாது என்றார். நல்ல பதில்தான். ஆனால் இத்தாலியைத் தொடவே இல்லை. 1363-இல் புளோரன்ஸ் அரசு கிறிஸ்தவர் அல்லாத அடிமைகளை வெளியிலிருந்து கொண்டுவர அனுமதித்தது. கருங்கடல் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் சிறுமிகளும் இளம்பெண்களும், வீட்டு வேலைக்கு. பிளேக்குக்குப் பிறகு கப்பலில் ஆள் இறக்கிய ஊர் ஐரோப்பாவிலேயே இருந்திருக்கிறது! டர்பனில் நடக்கும் வகுப்பில் இது விட்டுப்போகலாமா? பெண்களைப் பற்றி மொத்தத்திலேயே பேச்சு குறைவு, அதுவும் ஒரு குறை.

மற்றபடி: பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் முதுகு வலிக்கும், குஷன் கொண்டுபோங்கள். டீயும் சமூசாவும் கட்டணத்தில் அடக்கம், சமூசா சூடாகவே வருகிறது. அச்சிட்ட குறிப்புகள் தருவோம் என்று சொல்லிப் பாதி வகுப்புக்குத்தான் தந்தார்கள், பணம் கட்டும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். மின்வெட்டு வந்தால் ஸ்லைடு இல்லை, ஆனால் அன்றைக்குத்தான் பேச்சு நன்றாக இருந்தது. பள்ளிக்கூட வரலாறு கொஞ்சமாவது நினைவிருப்பவர்கள் பிளேக் வகுப்பிலிருந்து மட்டும் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் கட்டணத்துக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டதை நானே பார்த்தேன்.