பழைய டேட்டாபேஸ் யூசர்கள்: டிராப் செய்வதா, லாக் செய்வதா?

ஆடிட் தேதி குறித்த பிறகுதான் பல இடங்களில் டேட்டாபேஸ் யூசர் பட்டியலையே திறந்து பார்க்கிறார்கள். வேலையை விட்டுப் போனவர், டெஸ்டிங்குக்குப் போட்டது, பழைய வெண்டர் விட்டுப் போனது என்று ஒரு கூட்டமே இருக்கும்.

டிராப் செய்தால், அதாவது கணக்கையே நீக்கிவிட்டால், பட்டியல் சுத்தம், ஆடிட்டரும் மேற்கொண்டு கேட்கமாட்டார். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் பயமில்லை: அந்த யூசர் பெயரில் டேபிள் இருந்தால் டிராப் ஆகவே ஆகாது, முதலில் வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆரக்கிளும் தடுக்கும். ஆனால் கடுப்பில், கூட இருப்பதையும் சேர்த்து நீக்கு என்னும் 'கேஸ்கேட்' சேர்த்துவிட்டால் டேபிள்களும் கூடவே போய்விடும். மைஎஸ்க்யூஎல்தான் சத்தமில்லாமல் கழுத்தறுக்கும். 5.7 பதிப்பு மறுபேச்சில்லாமல் யூசரை நீக்கிவிடும். அவரை டிஃபைனராக, அதாவது யாருடைய உரிமையில் ஓட வேண்டுமோ அந்த யூசராக, வைத்து எழுதிய வியூ (சேமித்து வைத்த குவெரி) அடுத்த முறை ஓடும்போதுதான் எரர் வரும். 8.0.22 முதல்தான் தடுக்கவோ எச்சரிக்கவோ செய்கிறது.

லாக் செய்தால், அதாவது உள்ளே நுழைய முடியாதபடி கணக்கைப் பூட்டினால், எதுவும் அழியாது. தவறென்றால் ஒரே வரியில் திறந்துவிடலாம். ஒரு குறை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பை (செஷன்) அது வெளியே தள்ளாது. தனியாகக் கில் செய்ய வேண்டும்.

பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருப்பவர்களும் உண்டு. அதை நான் ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை.

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 90 நாள் பயன்படுத்தாத கணக்கை முடக்கு அல்லது நீக்கு என்பது பிசிஐ டிஎஸ்எஸ் விதி. கார்டு விவரம் கையாளும் நிறுவனங்களுக்கானது அது. அதையே ஆலை சர்வருக்கும் போட்டால் எடை மேடை மென்பொருளின் யூசர் மாட்டிக்கொள்வார். மாங்காய் சீசனில் மட்டும் உயிரோடு இருக்கும் கணக்கு, ஜனவரியில் செத்ததாகத்தான் தெரியும். டிராப் செய்திருந்தால், மே மாதம் முதல் லோடு தோத்தாபுரி எடை மேடையில் ஏறி நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். கடைசி லாகின் தேதியை ஆரக்கிள் 12சி முதல் வைத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் தாமாக வைப்பதில்லை, யார் எப்போது நுழைந்தார்கள் என்று எழுதிவைக்கும் பதிவு ஃபைலைத்தான் (log) தோண்ட வேண்டும்.

என் தேர்வு இதுதான். வேலையை விட்டவரின் கணக்கை அன்றைக்கே லாக் செய்யலாம். அவர் பெயரில் இருப்பதை மாற்றி முடித்ததும் டிராப். மென்பொருள் கணக்கு என்றால் ஒரு முழு சீசன் லாக்கிலேயே கிடக்கட்டும், யாரும் கத்தவில்லை என்றால் அப்புறம் டிராப் செய்துகொள்ளலாம். அதற்கு முன், மைஎஸ்க்யூஎல் என்றால் 'ஷோ கிராண்ட்ஸ்' கொடுத்து, அந்த யூசருக்கு இருந்த உரிமைகளை ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள்.