பாளையங்கோட்டையில் கழுத்து வைத்தியம்

டொராண்டோவிலிருந்து விமானத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி வந்ததோ என்னவோ, வீடு சேர்ந்த மூன்றாம் நாள் இடது கழுத்திலிருந்து நடுவிரல் வரை சுர்ரென்று இழுத்தது. விரல் மரத்தும் போனது.

"சலூன்ல ஒரு சொடக்கு எடுத்தா சரியாப் போவும்ல" என்றார் சித்தப்பா. முடி வெட்டியதும் கடைத் தம்பி தலையைப் பிடித்தார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாகத்தான் மேலேறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனாலும் யாரும் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. மறுநாளே எடுத்தார்கள், ரூ.6,500. மாலையில் ரிப்போர்ட். கனடாவில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைத் தெரியும். ஆனால் ரிப்போர்ட்டைக் கொடுத்தவர், "நிறைய தேய்மானம் சார், ஆபரேஷன் சொல்வாங்க" என்றதில் அன்றிரவு தூக்கம் போனது. அதைச் சொல்வது அவர் வேலையே இல்லை.

டாக்டரிடம் டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம். காத்திருந்தது வீண்போகவில்லை. படத்தைத் தொடும் முன் என்னைத் தொட்டுப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் சுத்தியலால் தட்டினார், கையை நீட்டித் தள்ளச் சொன்னார், கோட்டில் நடப்பதுபோல அடிமேல் அடிவைத்து நடக்கவிட்டார். கழுத்தில் எலும்பு 7, நரம்போ 8 ஜோடி. நடுவிரல் மரத்தால் பெரும்பாலும் ஏழாவது நரம்பு, அதாவது ஆறாவது எலும்புக்கும் ஏழாவதற்கும் நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கும் என்றார். படமும் அதையேதான் காட்டியது. வலியே இல்லாதவர்களுக்கும் நாற்பதைத் தாண்டினால் ஸ்கேனில் தேய்மானம் தெரியுமாம். "தண்டுவடம் அழுந்தல. சட்டைப் பித்தான் போடத் தடுமாறினாலோ நடை தள்ளாடினாலோ உடனே வாங்க. மத்தபடி சில வாரத்துல பெரும்பாலும் தானாவே குறையும்."

அப்புறம் பிசியோ வீட்டுக்கே வந்தார், ஒரு தடவைக்கு ரூ.400. தாடையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் பயிற்சிதான் முக்கியம். நான் வாங்கி வைத்திருந்த, கழுத்தை அசையாமல் பிடிக்கும் காலரை நாள் முழுக்கப் போட்டால் தசை சோர்ந்துவிடும் என்று கழற்றச் சொன்னார்.

மூன்றாம் வாரம் டொராண்டோ திரும்பும்போது வலி இல்லை, விரல் நுனியில் மட்டும் லேசான மரப்பு. ஸ்கேன் எடுத்துக்கொள்பவர்கள் ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள சிடியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே என் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.